குளிர் கட்டிய நகரம்

ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை ரேடியேட்டர் மேலேயே வைத்திருந்தேன். அங்கே இருக்கும்வரை தெளிவாக இருக்கும். எடுத்து ஜன்னலோரம் வைத்தால் சற்று நேரத்தில் அடியிலிருந்து வெள்ளையாகக் கட்டிக்கொண்டு மேலே வரும். மார்கழியில் ஸ்ரீவைகுண்டத்திலும் எண்ணெய் உறையும்தான். வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், இளகிவிடும். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் அந்த வெயில் இல்லை. நான் போய் இறங்கியது ஒரு டிசம்பர் 30ஆம் தேதி. மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிட்டது. மறுநாள் காலை ஏழரைக்குத்தான் விடிந்தது. அந்த விடியலும் மேகத்துக்குப் பின்னாலிருந்து கசிந்த சாம்பல் வெளிச்சம், அவ்வளவுதான்.

மே மாதம் போ, செப்டம்பரில் போ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த விடுப்பு பனிக்காலத்தில்தான் இருந்தது. பதினோரு நாள் அந்த நகரத்தின் தெருக்களில் நடந்துவிட்டு வந்தபின், வேறு எந்த மாதத்தில் போயிருந்தாலும் அந்த ஊரின் பாதியைப் பார்க்காமலே திரும்பியிருப்பேன் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தங்கியது ஆற்றின் கிழக்குக் கரையான பெஸ்ட் பக்கம், பெரிய வளைய சாலையை ஒட்டிய ஒரு பழைய குடியிருப்பில். தெருவிலிருந்து பார்த்தால் நான்கு மாடிக் கல் கட்டடம். கனத்த மரக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் நடுவில் முற்றம். ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட நடைபாதை, அதை ஒட்டியே வீட்டு வாசல்கள். யார் வீட்டில் என்ன வேகிறது என்பது நடைபாதை முழுக்கத் தெரியும். எனக்கு ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்த அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. ஹங்கேரியில் வயதில் மூத்த பெண்களைப் பெயர் சொல்லி, அதற்குப் பின்னால் 'நேனி' என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஆண்கள் என்றால் 'பாச்சி'. நாம் கமலா அத்தை, முருகேசன் மாமா என்று சொல்வது போலவே, உறவு இல்லாதவர்களையும் உறவாக்கும் சொற்கள். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நேனி என்றே சொல்கிறேன்.

நேனி முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, காலை. துணி ஷூ போட்டுப் போயிருந்தேன். டிராம் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்த பத்து நிமிடத்தில் சேறும் பனியும் கலந்த தண்ணீர் சாக்ஸ் வரை ஏறியிருந்தது. வாசலிலேயே கழற்றச் சொன்னார். பழைய செய்தித்தாளைக் கசக்கி இரண்டு ஷூவுக்குள்ளும் திணித்து, ரேடியேட்டருக்கு அடியில் சாய்த்து வைத்தார். ஐப்பசி மழையில் நனைந்த பள்ளிக்கூட ஷூவுக்குள் அம்மா தினத்தந்தியைத் திணித்து வைத்தது நினைவுக்கு வந்தது. கை வேலை அப்படியே அதேதான். "நாளைக்கு முதல் வேலையா தோல் பூட்ஸ் வாங்கு. மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், மிச்சத்தைக் கைபேசி மொழிபெயர்த்தது.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவுக்கு நடுவில் இருந்தாலும் ஹங்கேரிய மொழிக்குச் சுற்றிலும் இருக்கும் எந்த மொழியோடும் ஒட்டில்லை. வேற்றுமை உருபுகளையும் பன்மையையும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும் மொழி அது. 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். என் வீட்டில் என்பதும் ஒரே சொல், என் வீடுகளில் என்பதும் ஒரே சொல். ஆங்கில வழிகாட்டிப் புத்தகங்கள் இதைப் பெரிய மலைப்பாகச் சொல்கின்றன. வீடுகளிலிருந்து என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நாக்குக்கு இதில் மலைக்க ஒன்றுமில்லை. குடும்பப் பெயரையும் அவர்கள் முதலில்தான் சொல்கிறார்கள். நாம் தலைப்பெழுத்தை முன்னால் வைப்பது போல. தமிழுக்கும் ஹங்கேரிய மொழிக்கும் உறவு என்று சொல்ல வரவில்லை. தெரியாத ஊரின் தெருப்பலகையைப் படிக்கும்போது சொல்லை எங்கே உடைப்பது என்று சட்டெனப் பிடிபடுவதில் ஒரு நிம்மதி உண்டு. அதைச் சொன்னேன்.

பிடிபடாதது பனிக்கான சொற்கள்தான். நமக்குப் புல் நுனியில் இருப்பதும் பனி, மார்கழிக் காலையில் ஆற்றை மூடி நிற்பதும் பனி, இமயமலையில் விழுவதும் பனி. ஆறு பெரும்பொழுதில் இரண்டைப் பனிக்கே எழுதி வைத்தோம், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. நேனியின் மொழியில் விழும் பனி 'ஹோ'. உறைந்து கட்டியானது 'யேக்'. தரையில் உப்புத் தூவியது போல் படிவது 'டேர்'. மூடுபனி மரக்கிளையில் பட்டு ஊசி ஊசியாக உறைவது 'ஸூஸ்மரா'. நான்காம் நாள் காலை என்னை ஜன்னலுக்கு இழுத்துப்போய், முற்றத்து மரத்தைக் காட்டி, "ஸூஸ்மரா" என்றார். ஒவ்வொரு சுள்ளியும் தனித்தனியாக வெள்ளை நூல் சுற்றியது போல் இருந்தது. பத்து மணிக்குள் எல்லாம் உதிர்ந்துவிட்டது.

புத்தாண்டு அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருந்தன. மதியம் நேனி பருப்புச் சமைத்திருந்தார். வருடத்தின் முதல் நாள் லென்டில் பருப்பு சாப்பிட்டால் அந்த வருடம் கையில் காசு புழங்கும் என்பது அங்கே நம்பிக்கை. ஒவ்வொரு பருப்பும் ஒரு நாணயம். கூட்டுக்கும் குழம்புக்கும் நடுவில் ஒரு பதம், 'ஃபொஸெலேக்' என்று பெயர். மேலே மிளகாய்ப் பொடி தூவியிருந்தது. இந்தப் பாப்ரிகாவும் நம் வத்தலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெவ்வேறு வழியில் கிளம்பிப்போன ஒரே செடியின் பிள்ளைகள். காரம் குறைவு, வாசனை அதிகம். அன்று வெளியே மைனஸ் ஆறு டிகிரி. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆற்றுக்குப் போனது அடுத்த நாள். ஆற்றங்கரைக்காரர்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஆற்றைப் பார்த்தால்தான் திசை பிடிபடும். டான்யூபை அங்கே 'துனா' என்கிறார்கள். மேற்கே குன்றுகளோடு புடா, கிழக்கே சமதரையில் பெஸ்ட், நடுவில் ஆறு. அன்று ஆறு முழுக்கப் பனிக்கட்டித் தட்டுகள் மிதந்து வந்துகொண்டிருந்தன. சில தட்டு அகலம், சில ஒரு லாரி அகலம். ஒன்றோடொன்று இடித்து இடித்து ஓரம் தேய்ந்து, எல்லாமே வட்டமாக ஆகியிருந்தன. பாலத் தூணில் முட்டும்போது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அரிசியை முறத்தில் புடைப்பது போல ஒரு தொடர்ச்சியான சரசரப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் நின்றிருந்தது சங்கிலிப் பாலம். அங்கே நின்றபோதுதான் இந்த ஊர் எனக்குப் புரியத் தொடங்கியது. இந்தப் பாலம் வருவதற்கு முன்னால் புடாவுக்கும் பெஸ்டுக்கும் நடுவே படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம்தான். பனிக்கட்டி வந்தால் அதை நொறுக்கிவிடும் என்று குளிர்காலத்தில் பிரித்து எடுத்துவிடுவார்கள். ஆறு முழுக்க இறுகி உறைந்துவிட்டால் மேலேயே நடந்து போகலாம். 1458 ஜனவரியில் மாத்தியாஸ் அரசரை உறைந்த டான்யூபின் மேல் கூடி நின்றுதான் அரசராக அறிவித்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். உறைந்தும் உறையாமலும் கட்டிகள் மிதந்து வரும் நாட்கள்தான் பொல்லாதவை. நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது. இரண்டு கரையும் இரண்டு நாடு மாதிரி ஆகிவிடும்.

1820 டிசம்பரில் சேச்செனி இஷ்ட்வான் என்ற இளம் பிரபுவுக்கு அப்பா இறந்த செய்தி வந்தது. ஆற்றைக் கடந்து போக வேண்டும். பனிக்கட்டி விடவில்லை. ஒரு வாரம் பெஸ்ட் கரையிலேயே காத்துக் கிடந்தார். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. நிலையான பாலம் ஒன்று கட்டியே தீருவது என்று அவர் பிடித்த பிடிவாதத்தின் வேர் அந்த நாட்கள்தான். 1832இல் பாலத்துக்காகச் சங்கம் தொடங்கினார். ஆங்கிலேயர் வில்லியம் டியர்னி கிளார்க் வடிவமைக்க, ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் கிளார்க் நின்று கட்டினார். 1849 நவம்பர் 20 அன்று திறந்தார்கள். பாலத்தைக் கடக்கச் சுங்கம் உண்டு, பிரபுக்களும் கட்ட வேண்டும். அதுவரை வரியே கட்டாதவர்கள் அவர்கள். பொறியியலைவிடப் பெரிய மாற்றம் அதுதான் என்று நினைக்கிறேன். 1873இல் புடா, பெஸ்ட், பழைய புடா மூன்றும் சேர்ந்து ஒரே நகரமாயின. பாலம் இல்லாமல் அந்த ஒரே பெயர் ஏது?

நான் பாலத்தைக் கடக்க ஏழு நிமிடம் ஆனது. நடுவில் பலமுறை நின்று கீழே பார்த்தேன், அதையும் சேர்த்து.

அதே பனிக்கட்டி இன்னொரு வேலையும் செய்தது. 1838 மார்ச்சில் மேலே உருகி வந்த வெள்ளத்தை, கீழே அடைத்துக்கொண்ட பனிக்கட்டிகள் போகவிடவில்லை. ஆறு பெஸ்டுக்குள் திரும்பியது. மண்ணால் கட்டிய வீடுகள் ஊறிச் சரிந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின, நூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நகரத்தின் நடுவில் பிரான்சிஸ்கன் தேவாலயத்தின் பக்கச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. படகில் நின்று ஒருவர் வீட்டு மாடியிலிருக்கும் மக்களை இறக்குகிறார். அவர் பெயர் வெஷெலேனி மிக்லோஷ். பிரபு குடும்பத்தவர், அந்த நாட்களில் படகை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மக்களை மீட்டவர். இன்றும் அவரை வெள்ளப் படகோட்டி என்றே சொல்கிறார்கள். பழைய சுவர்கள் சிலவற்றில் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் காட்டும் பலகைகள் உண்டு. ஒன்றின் அருகே நின்று பார்த்தேன், கோடு என் தலைக்கு மேலே இருந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்துக்குள் வந்த இரவு எங்கள் தெருச் சுவர்களில் விட்டுப்போன சேற்றுக் கோட்டை அடுத்த வெள்ளையடிப்பில் மறைத்துவிட்டோம். ஒரு பலகையாவது பதித்திருக்கலாம். தண்ணீர் எங்கே வரை வந்தது என்று அடுத்து வீடு கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

மறுநாள் பெஸ்ட் கரையோரமாகவே நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தேன். அது 96 மீட்டர் உயரம்; ஹங்கேரியர்களின் முன்னோரான மக்யார்கள் இந்த நிலத்துக்கு வந்த ஆண்டாகக் கொண்டாடும் 896ஐ நினைவில் வைத்து எடுத்த அளவு. அதைப் பார்க்கத்தான் போனேன். அதற்குச் சற்று முன்னால், கரையின் கல் விளிம்பில், காலணிகள் இருந்தன.

அறுபது ஜோடி. இரும்பில் வார்த்தவை. ஆண்களின் கனத்த பூட்ஸ், குதிகால் தேய்ந்த பெண்கள் செருப்பு, குழந்தையின் ஷூ. கழற்றிப் போட்ட மாதிரியே சில சாய்ந்து கிடந்தன. 1944 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த, நாஜிகளின் கூட்டாளியான அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் குழுக்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க யூதர்களை இந்தக் கரைக்குக் கூட்டி வந்தன. காலணியைக் கழற்றச் சொல்லி, ஆற்றைப் பார்த்து நிற்கவைத்துச் சுட்டன. உடல்கள் தண்ணீரில் விழுந்தன. காலணிக்குச் சந்தையில் விலை இருந்தது, அதனால்தான் கழற்றச் சொன்னார்கள். டோகாய் ஜானின் யோசனையில், பௌவர் ஜூலா செய்த இந்த நினைவகம் 2005இல் வைக்கப்பட்டது.

நான் படத்தில் பார்த்திருந்தது கோடைகாலத்துக் காலணிகள். நேரில் பார்த்தபோது ஒவ்வொன்றுக்குள்ளும் பனி நிரம்பியிருந்தது. விரல் நுனி வரை, குதிகால் வரை. குழந்தையின் ஷூவில் யாரோ ஒரு மெழுகுவர்த்தியை நட்டிருந்தார்கள், அது பாதி எரிந்து அணைந்திருந்தது. இதே போன்ற ஒரு ஜனவரியில், கீழே இதே கட்டிகள் மிதக்கும் தண்ணீரின் ஓரத்தில், வெறுங்காலோடு நின்றிருக்கிறார்கள். காலுக்குக் கீழே கல் எப்படிச் சில்லிட்டிருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரிந்ததாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெயில் நாளில், கூட்டத்தோடு வந்திருந்தால் அந்தக் கொஞ்சமும் தெரிந்திருக்காது.

அன்று மாலை நேனியிடம் எங்கே போனேன் என்று சொன்னேன். அவர் போருக்குப் பிறகு பிறந்தவர். அவருடைய அம்மா அந்தக் குளிர்காலத்தை நிலவறையில் கழித்தவர். சோவியத் படை 1944 கிறிஸ்துமஸ் சமயத்தில் நகரத்தைச் சூழ்ந்தது. சண்டை ஓய்ந்தது பிப்ரவரி 13. குடிமக்கள் மட்டும் ஏறக்குறைய 38,000 பேர் இறந்தார்கள். தண்ணீர்க் குழாய் நின்றுபோனதால் பனியை உருக்கிக் குடித்தார்களாம். தெருவில் செத்து விறைத்துக் கிடந்த குதிரைகளிலிருந்து இறைச்சியை வெட்டி எடுத்துச் சமைத்தார்களாம். "அம்மா கடைசி வரைக்கும் ஒரு ரொட்டித் துண்டைக்கூடக் குப்பையில போடவிட்டதில்ல" என்றார். பின்வாங்கிய ஜெர்மானியர் ஆற்றின் பாலங்கள் அத்தனையையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சங்கிலிப் பாலத்தை மறுபடி கட்டி 1949 நவம்பர் 20 அன்று, முதல் திறப்பின் நூறாவது ஆண்டு நாளில், திறந்தார்கள். முந்தின நாள் நான் நிதானமாக நடந்து பார்த்தது அந்த இரண்டாவது பாலம்.

பேச்சு அத்தோடு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நேனி, "நாளைக்கு ஃபுர்தோவுக்குப் போ. உடம்பு சூடாகட்டும்" என்றார். ஃபுர்தோ என்றால் குளியல் மண்டபம்.

போகும் வழியே அழகு. ஆந்திராஷி சாலைக்கு அடியில் 1896 முதல் ஓடும் சுரங்க ரயில். ஐரோப்பியப் பெருநிலத்தில் மிகப் பழையது. பெரிய பாதாளம் இல்லை, தெருவிலிருந்து சில படிகள் இறங்கினாலே நிலையம். வெள்ளை ஓடு பதித்த சுவர், இரும்புத் தூண்கள், மஞ்சள் நிறத்தில் சின்னப் பெட்டிகள். அந்தச் சாலையின் அழகை டிராம் கெடுக்கக்கூடாது என்றுதான் வண்டியை மண்ணுக்குள் விட்டார்கள். நகரப் பூங்காவில் இறங்கினால் எதிரே மஞ்சள் மாளிகை மாதிரி சேச்செனி குளியல் மண்டபம், 1913இல் கட்டியது. பாலத்துக்காகக் காத்துக்கிடந்த அதே சேச்செனியின் பெயர்.

புடாபெஸ்டுக்கு அடியில் பூமியின் மேலோடு மெல்லியது. புடா குன்றுகளில் விழும் மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, ஆழத்தில் சூடாகி, ஆற்றை ஒட்டிய பிளவுகள் வழியே மேலே வருகிறது. நூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள். 1541 முதல் 1686 வரை புடாவை ஆண்ட துருக்கியர் கட்டிய ருதாஷ் போன்ற குளியல் மண்டபங்களில் இன்றும் ஆள் குளிக்கிறார்கள். இந்தப் பூங்காவில் மட்டும் தானாக வந்த ஊற்று இல்லை. 1868இல் ஷிக்மொந்தி வில்மோஷ் என்ற பொறியாளர் தோண்ட ஆரம்பித்து, பத்து வருடம் விடாமல் தோண்டி, 970 மீட்டர் ஆழத்தில் 74 டிகிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார். எதிரே இருக்கும் மிருகக்காட்சி சாலையின் நீர்யானைகளும் இந்த வெந்நீரில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

உடை மாற்றும் அறையிலிருந்து குளத்துக்கு இருபது அடி தூரம் இருக்கும். வெற்றுடம்போடு, வெறுங்காலோடு, மைனஸில். முதல் மூன்று அடியில் குளிர் தெரியவில்லை. நான்காவது அடியில் மூச்சு அடைத்தது. அப்புறம் தண்ணீர். கழுத்து வரை இறங்கியதும் தோள்கள் தாமாகவே கீழே இறங்கின. ஒரு வாரமாக அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆவி அவ்வளவு அடர்த்தியாக எழுந்தது, எதிர்ப்பக்கக் கரை தெரியவில்லை. பேச்சுக்குரல் முதலில் வரும், பிறகு தலை வரும். நெற்றியில் விழுந்த ஈர முடியைத் தொட்டால் நொறுங்கியது.

குளத்தோரத்தில் நான்கைந்து பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு வெந்நீரில் நின்றுகொண்டு, பலகையை ஓரக் கல்லில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பாச்சி நிமிர்ந்து பார்த்து, "இந்தியா?" என்றார். ஆமாம் என்றேன். காய் பிடித்த கையை அப்படியே நிறுத்தி, "குகேஷ்!" என்றார். பக்கத்திலிருந்தவர், "பிரக்ஞானந்தா" என்று நான்கு துண்டாக உடைத்து, ஆனால் சரியாகச் சொன்னார். 2024 செப்டம்பரில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது இந்த நகரத்தில்தான். இந்தியா முதல் முறையாகத் தங்கம் வென்றது, ஆண்கள் ஆடிய பொதுப்பிரிவிலும் பெண்கள் பிரிவிலும். அந்த இரண்டு பிள்ளைகளும் சென்னைக்காரர்கள், நான் அதற்கும் தெற்கே, என் மொழி அவர்களுடைய மொழி என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். பாச்சி எனக்குக் கை கொடுத்தார். வெந்நீரில் ஊறிச் சுருங்கிய, கதகதப்பான கை. பிறகு நகர்ந்து இடம் விட்டு, ஆட்டம் முடியும்வரை நின்று பார்க்கச் சொன்னார். குதிரையைப் பலிகொடுத்து ஜெயித்தார்.

கிளம்பும் நாள் அதிகாலை மறுபடி பாலத்துக்குப் போனேன். தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன, தரையில் டேர் படிந்திருந்தது. நடுப்பாலத்தில் ஆள் யாரும் இல்லை. கீழே அதே சரசரப்பு. கைபேசியைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் கொஞ்ச நேரம் அதைப் பதிவு செய்தேன். விரல் மரத்ததும் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பூட்ஸை வாசலில் கழற்றினேன். நேனி அடுப்படியிலிருந்து ஒரே சொல்லில் கேட்டார்: "ஸய்லிக்?"

கட்டிகள் மிதந்து வருகின்றனவா என்று கேட்கிறார். ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான்.

"ஸய்லிக், நேனி" என்றேன்.